பாட்டியின் வெண்கலப் பானை



அகத்தியமலைச் சாரலில் உள்ள போனக்காட்டுக்கு அண்மையில் சென்றிருந்தேன். தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் தேயிலைத் தோட்ட வேலை செய்து வாழ்ந்த இடம் அது. லயத்து வாசலில் முதிய அம்மையார் ஒருவர், மாமியார் கொடுத்த பானையை விற்பதற்காக எடுத்து வைத்திருந்தார். பழைய பாத்திரக்காரர் பித்தளை விலை பேசினார். "சற்றுப் பொறுங்கள், அம்மா" என்று சொல்லிக் கரண்டியால் மெல்லத் தட்டினேன். மணிபோல் நீண்டு ஒலித்தது. அது வெண்கலம்.

பித்தளையும் வெண்கலமும் செம்பை அடிப்படையாகக் கொண்ட கலப்பு உலோகங்களே. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். வெள்ளீயம் துத்தநாகத்தைவிடப் பன்மடங்கு விலையுடையது. ஆகவே இவ்வேறுபாட்டை அறியாமல் விற்பவருக்கு நஷ்டம்தான். மணி வார்க்கும் வெண்கலத்தில் வெள்ளீயம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அது கடினமானது, நன்கு ஒலிப்பது. ஆயினும் கீழே விழுந்தால் உடையும். கீறல் விழுந்த வெண்கலமும் மங்கியே ஒலிக்கும் என்பதை மறக்கலாகாது. வெள்ளீயத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உயர்த்திப் பளபளப்பாகத் தேய்த்தால் முகம் பார்க்கலாம்; ஆரன்முளைக் கண்ணாடி அத்தகையது. அதைச் செய்வோரின் முன்னோர் சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது அங்கு வழங்கும் மரபுச் செய்தி.

கலப்பு உலோகங்களை வகைப்படுத்துவோர் முதலில் கேட்கும் கேள்வி, அடிப்படை உலோகம் இரும்பா, வேறொன்றா என்பதே. இரும்பில் கரி நூற்றுக்கு 2 பங்குக்குக் குறைந்தால் எஃகு, மிகுந்தால் வார்ப்பிரும்பு. நாம் எவர்சில்வர் என்பதில் வெள்ளி துளியும் இல்லை. அதுவும் எஃகே, குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் சேர்ந்திருப்பதால் துருப்பிடிப்பதில்லை.

பெயரால் ஏமாறுவது ஈயத்தில்தான் ஆபத்து. ரசத்துக்குரிய ஈயச்சொம்பும் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயமாக இருத்தல் வேண்டும். காரீயம் நஞ்சு, குழந்தைகளுக்குப் பெருங்கேடு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். இரண்டையும் 63க்கு 37 என்று கலந்தாலோ 183 டிகிரியிலேயே உருகிவிடும். கம்பிகளைப் பற்றவைக்க மிக உகந்த கலவை. சமையற் பாத்திரத்தில் அது படவே கூடாது. மலிவாகக் கிடைக்கும் ஈயச்சொம்பைப் புளிக்கரைசலோடு அடுப்பில் ஏற்றுமுன், விற்றவரிடம் அது எந்த ஈயம் என்று கேளுங்கள்.

போனக்காட்டில் பாத்திரக்காரர் வெண்கல விலைக்கு இசைந்தார். தராசில் வைக்குமுன் அந்த அம்மையார் பானையைத் தாமே ஒருமுறை தட்டிப் பார்த்தார்.