கஞ்சி கரைந்துவிட்டதா?



தோபி காட் நீங்கள் அறிந்த இடந்தான். 19ஆம் நூற்றாண்டில் நம் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து அங்கே உலர்த்தியதால் வந்த பெயர் அது. சட்டைக்கு விறைப்புத் தருவது கஞ்சி. அது சரியாகக் காய்ச்சப்படாவிட்டால் கறுப்புத் துணியில் வெண்திட்டு விழும். ஆகவே, "மாவு முழுவதும் கரைந்ததா?" என்பது பழைய கேள்வி.

பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், மரவள்ளி மாவைக் கொதிநீரில் காய்ச்சினேன். பால்போல் இருந்தது கண்ணாடிபோல் ஆயிற்று. "முழுவதும் கரைந்தது" என்று ஏட்டில் எழுதினேன். விரிவுரையாளர், "நிறுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன்.

உண்மை என்ன? மாவுச்சத்து சிறு சிறு மணிகளாக இருக்கிறது. குளிர்ந்த நீரில் அது கரையாது, அடியில் படியும். சூடேறினால் மணிகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அமிலோஸ் என்னும் பகுதி வெளியே கசிந்து கரைகிறது. அமிலோபெக்டின் என்னும் பகுதி பெரும்பாலும் உப்பிய மணிகளிலேயே தங்கிவிடுகிறது. உப்புவது வேறு, கரைவது வேறு.

எப்படி அளப்பது? நன்கு உலர்த்திய மாவு 2 கிராம் எடுங்கள். நீர் விட்டு 80 பாகை செல்சியசில் அரைமணி நேரம் கலக்கிக்கொண்டே இருங்கள். ஆறியபின் 100 மில்லிலிட்டராக்கி, மையவிலக்குப் பொறியில் சுழற்றுங்கள். மேலே தெளிந்த நீரில் 25 மில்லிலிட்டரை, முன்பே நிறுத்த கிண்ணத்தில் ஊற்றி, நீர் வற்றும்வரை உலர்த்தி மீண்டும் நிறுங்கள். எஞ்சியது 0.1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிலிட்டருக்கு 0.4 கிராம். அப்படியானால் 2 கிராமில் கரைந்தது நூற்றுக்கு 20 பங்குதான்!

அயோடின் சொட்டு விட்டால் நீலநிறம் வருமே, அது போதாதா என்பீர்கள். போதாது. கரைந்த மாவும் நீலமாகும், கரையாத மாவும் நீலமாகும். மாவுச்சத்து உண்டா என்பதை நிறம் சொல்லும்; எவ்வளவு கரைந்தது என்பதைத் தராசுதான் சொல்லும்.

கரைப்பானை மாற்றினால் விடையும் மாறும். டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் திரவத்தில் மாவுச்சத்து நீரைவிட நன்றாகக் கரைவதால், ஆய்வுக்கூடங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே எந்தக் கரைப்பான், எத்தனை பாகை, எவ்வளவு நேரம் என்று எழுதாத அளவு, அளவே அன்று.

பின்னாளில் தோட்டப் பள்ளியில் என் மாணவன் ஒருவன், "முழுவதும் கரைந்தது" என்று எழுதிக் காட்டினான். நான் அடிக்கோடிடவில்லை, தராசை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். கண்ணுக்குத் தெரியாமற் போனதெல்லாம் கரைந்ததாகிவிடாது, மாணவர்களே.