வீல்சேர் கொடுத்தாச்சு, அப்புறம்?

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்குப் பேசப்போறது பெரிய டெக்னாலஜி எதுவும் இல்ல. ஒரு வீல்சேரோட முன் சக்கரம். கும்மிடிப்பூண்டியில இருக்கிற ஒருத்தருக்கு அது உடைஞ்சு போச்சுன்னா அவர் என்ன பண்ணுவார்? இதுதான் கேள்வி.

சாஃப்ட்வேர் வேலையில இருக்கிறவங்களுக்குத் தெரியும். ரிலீஸ் அன்னைக்கு கேக் வெட்டுவோம். ஆனா அந்த சாஃப்ட்வேர் அஞ்சு வருஷம் ஓடுறது அதுக்கப்புறம் நடக்கிற மெயின்டனன்ஸால. உதவி உபகரணங்கள் விஷயத்துல நாம பெரும்பாலும் கேக்கோட நிறுத்திடுறோம்.

கொடுக்கிற பக்கம் மோசம்னு சொல்ல முடியாது. கான்பூர்ல 1972இல் தொடங்கின மத்திய அரசு நிறுவனம் அலிம்கோ, உபகரணங்களைத் தயாரிக்குது. ஏடிஐபி திட்டத்துல முகாம் போட்டுக் கொடுக்கிறாங்க. தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வீல்சேர், மூன்று சக்கர சைக்கிள், இணைப்புச் சக்கரம் பொருத்தின ஸ்கூட்டர் எல்லாம் தருது. 2016 உரிமைகள் சட்டத்தோட 24ஆம் பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டவங்களுக்கு உபகரணங்கள் இலவசமா கிடைக்கணும்னு சொல்லுது.

இப்போ ரெண்டாவது வருஷத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வீல்சேர் சேவைக்குன்னு ஒரு வழிகாட்டி வெளியிட்டுது. அதுல எட்டுப் படிகள். உடம்பை அளந்து பார்க்கிறது, பொருத்திப் பார்க்கிறது, ஓட்டப் பழக்குறது எல்லாம் அதுல இருக்கு. எட்டாவது படி, தொடர்ந்து கவனிக்கிறதும் பழுது பார்க்கிறதும். முகாம்ல வாங்கினவங்க யாராவது பக்கத்துல இருந்தா ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "உடைஞ்சா யாருக்கு போன் பண்ணணும்னு சொன்னாங்களா?" பின்பக்கத்துல நன்கொடை கொடுத்தவர் பேர் பெரிய எழுத்துல இருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் எங்க கிடைக்கும்னு இருக்காது.

புதுசா வாங்கிக்கலாமே? ஏடிஐபியோட 2014 விதிமுறைப்படி, அதே தேவைக்கு முந்தைய மூணு வருஷத்துல அரசு உதவி வாங்கியிருக்கக் கூடாது. 12 வயசுக்குக் கீழ் குழந்தைகளுக்கு ஒரு வருஷம். எல்லாருக்கும் போய்ச் சேரணும்னா அப்படி ஒரு விதி வேணும்தான். ஆனா 14ஆவது மாசம் சக்கரம் கழண்டா, மீதி 22 மாசம்? வேலைக்குப் போக முடியாது. வீட்டுக்குள்ளயே கழிப்பறைக்கு யாராவது தூக்கிட்டுப் போகணும். படுத்தே கிடந்தா படுக்கைப்புண் வரும். இத்தனையும் ஒரு சின்ன பாகத்தால.

அடுத்தது தூரம். மாவட்ட அலுவலகம் திருவள்ளூர்ல. கும்மிடிப்பூண்டியும் அதே மாவட்டம்தான். ஆனா ஒண்ணு கூடூர் லைன், இன்னொண்ணு அரக்கோணம் லைன். ரயில்ல போகணும்னா சென்னைக்குள்ள வந்து வண்டி மாறித்தான் திருவள்ளூர் போகணும். நடக்கிறவங்களுக்கே அரை நாள் போயிடும். உடைஞ்ச வீல்சேரோட எப்படிப் போறது?

சரி, பக்கத்து சைக்கிள் கடை? நிறைய பழுதுக்கு அதுதான் சரியான இடம். பஞ்சர், பிரேக், பேரிங், வெல்டிங் எல்லாம் நம்ம ஆட்கள் அசால்ட்டா பண்ணுவாங்க. ஆனா ஒரு சிக்கல் பாருங்க. பல வீல்சேர்கள்ல பின் சக்கரம் 24 இஞ்ச். சின்னப் பசங்க சைக்கிள்லயும் 24 இஞ்ச் இருக்கு. ஒண்ணுல டயர் உட்காரும் விட்டம் 540 மில்லிமீட்டர், இன்னொண்ணுல 507. பேர் ஒண்ணு, அளவு வேற. கடைக்காரர் மேல தப்பு இல்ல. டயர் பக்கவாட்டுல 37-540 மாதிரி ஒரு நம்பர் இருக்கும், அதை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. டயர் தேடும்போது அதுதான் உதவும்.

மறுபயன்பாடு பத்தியும் சொல்லணும். தாத்தா போனதுக்கப்புறம் அவர் வீல்சேர் பரண்ல கிடக்கும். தூக்கிப் போட மனசு வராது, யார்கிட்ட கொடுக்கிறதுன்னும் தெரியாது. நார்வேயில அரசோட உதவிக் கருவி மையங்கள் இருக்கு. நீண்ட நாள் தேவைக்கான கருவியை அங்க இலவசமா கடனா கொடுக்கிறாங்க. அதனால பழுது பார்க்கிறதும் அவங்க பொறுப்பு. தேவை முடிஞ்சா திரும்பி வரும், சுத்தம் பண்ணி, சோதிச்சு அடுத்தவருக்குப் போகும். ஆனா கண்ணை மூடிட்டு எதையும் கைமாத்தக் கூடாது. சீட் அகலம் பொருந்தணும். செயற்கைக் கால்ல உடம்போட ஒட்டுற சாக்கெட் அவங்கவங்க அளவுக்கே செஞ்சது. காது கருவியோட மோல்டும் அப்படித்தான்.

இங்க முடியுமான்னு கேட்டா, எனக்கு முடியும்னுதான் தோணுது. தமிழ்நாட்டோட 'உரிமைகள்' திட்டத்துக்கு உலக வங்கி 2022இல் 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் கொடுத்தது. மறுவாழ்வுச் சேவைகளை வீட்டுக்குப் பக்கத்துல கொண்டுவர்றதுதான் நோக்கம். அதுல வர்ற 'விழுதுகள்' சேவை மையங்கள்ல ஒரு ஒர்க் பெஞ்ச், ஒரு ஸ்பேர் அலமாரி, பழுது முடியிற வரைக்கும் கடன் கொடுக்க நாலு வீல்சேர். பொன்னேரி கோட்டத்துக்கு இதைக் கேட்கலாம்.

ஆள் எங்கன்னா, கும்மிடிப்பூண்டி சிப்காட்ல லேத், வெல்டிங் தெரிஞ்சவங்களுக்குப் பஞ்சமா? 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல இருக்கிற நிறுவனங்கள் சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவு பண்ணணும். நூறு புது வீல்சேர் கொடுக்கிற பட்ஜெட்ல பத்தைக் குறைச்சு, அந்தப் பணத்துல பேரிங்கும் டயரும் வாங்கி வைங்க. போட்டோவுக்கு நல்லா இருக்காதுதான். ஆனா மீதி தொண்ணூறும் ஓடும்.

கேட்கிறவங்க ஒண்ணு செய்யலாம். திங்கட்கிழமை குறைதீர் நாள்ல மனு கொடுக்கும்போது "புது வீல்சேர் வேணும்"னு மட்டும் எழுதாதீங்க. எந்த பாகம், என்னைக்கு உடைஞ்சது, எந்த முகாம்ல வாங்கினதுன்னு எழுதி, "பழுது பார்த்துத் தரவும்"னு கேளுங்க. பக் ரிப்போர்ட் மாதிரிதான். யாரும் பதிவு பண்ணாத பக்கை யாரும் சரிபண்ண மாட்டாங்க. மனு ரசீதைப் பத்திரமா வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.