பட்டமா? பணியா?

நடுவர் அவர்களே! போத்தனூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

மக்கள் பிரதிநிதிக்குப் பெருமை பட்டத்தாலதான்னு எதிரணித் தம்பி அடிச்சுப் பேசிட்டுப் போனாரு. எந்தப் பட்டமுங்க தம்பி? நம்ம ஜங்ஷன்ல ரயிலேறிப் பாலக்காடு போனாலும் எம்.எல்.ஏ.தான். கடல் தாண்டினா பேரே மாறிப்போகுது! கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துல அவர் எம்.பி.பி.; பக்கத்துக் கியூபெக்குல எம்.என்.ஏ.; ஸ்காட்லாந்துல எம்.எஸ்.பி. மலேசியாவில் "ஒய்.பி." என்று அழைக்கிறார்கள், மதிப்புக்குரியவர்னு அர்த்தம். ஊருக்கு ஒரு பேரு, ஆனா வேலை ஒண்ணுதானுங்களே! (கைதட்டல்)

சரி, அந்தப் பட்டமாவது நிலைக்குமா? கர்நாடகத்துல எம்.எல்.சி. இன்னும் உண்டு. தமிழ்நாட்டில் 1986-இல் மேலவையை எடுத்தார்கள். பட்டமும் கூடவே போச்சு!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் எம்.எல்.சி.யாக இருந்தவர்தான். சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர். நியமன உறுப்பினர்தான், ஆனாலும் தேவதாசி முறையை ஒழிக்க அங்கே போராடினார். 1930-இல் ராஜினாமா செய்தார். பட்டம் போச்சு, பாடுபடுவது நிற்கவில்லை. 1947-இல் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்றைக்கு அவர் பேர் நிற்பது எதனால்? அந்த மூணு எழுத்தாலயா? (பலத்த கைதட்டல்)

மனுவைக் கையில வச்சுக்கிட்டு வெயில்ல நிக்கிற பாட்டிக்கு வேண்டியது எழுத்து இல்லீங்க, குழாயில தண்ணி! ஆகவே பெருமை பணியாலேதான் என்று தீர்ப்புச் சொல்லுங்க நடுவர் அவர்களே.