சாலைக் கம்போளத்தில் சுமை இறக்குவோர்

திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்றால் வெறும் வழியன்று. திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்த கடைத்தெரு. நாகர்கோவில் வழியாக வரும் காய்கறி லாரிகளோடு நம்மவரும் அங்கு வந்து சேருகின்றனர்.

லாரி பின்னோக்கி வரும் வேளையே பொல்லாத வேளை. பின்னால் நிற்பவரை ஓட்டுநர் காணார். சுவருக்கும் வண்டிக்கும் இடையில் அகப்பட்டவர்க்கு விலக இடமில்லை. ஒருவர் பக்கவாட்டில் நின்று குரல் கொடுத்தாலன்றி வண்டியை நகர்த்தலாகாது. நின்றபின் சக்கரத்திற்குக் கட்டை வைத்தல் வேண்டும். வழியிற் சரிந்த மூட்டைகள் பின்கதவைத் திறந்ததும் விழும். ஆதலின் ஓரமாக நின்றே கொக்கியை விடுத்தல் வேண்டும்.

காயமுற்றால் யார் பொறுப்பு? ஒரே நாளில் பத்து வணிகர்க்குச் சுமப்பவனுக்கு முதலாளி யார் என்பதே வழக்காகிவிடும். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமோ முதலாளி ஒருவரை எண்ணி எழுதப்பட்டது. கேரளம் 1978-இல் சுமைத்தொழிலாளர்க்கெனத் தனிச்சட்டம் இயற்றிப் பதிவும் நல வாரியமும் கண்டது.

ஆனால், கைகொடுப்போமே என்று மூட்டையைத் தொடும் லாரிக் கிளீனரின் பெயர் அப்பதிவேட்டில் இராது. அவர் கோரவேண்டியது லாரி உரிமையாளரிடம். அவரிடம் வேலை பார்ப்பதற்குச் சான்றாக ஒரு கூலிச்சீட்டேனும் கையில் உண்டா? இல்லையெனில், அடுத்த நடைக்குப் புறப்படுமுன் கேட்டு வாங்கிக்கொள்வோம்.