பறித்த கையே கொடுத்தது
(நாமகிரிப்பேட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் சேலம் ஜில்லாவிலிருந்தும் கங்காணி பின்னே கடல் தாண்டிப் போன ஏழைகளின் வம்சம் இலங்கை மலைகளில் தேயிலை பறித்தது. 1947 பொதுத் தேர்தலில் அந்தத் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதிகளைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்குத் தோள் கொடுத்தார்கள். ஆளவந்தவர்கள் மிரண்டார்கள். 1948-ல் சேனநாயகாவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசு பிரஜா உரிமையைப் பறித்தது. 1949-ல் வாக்கும் போயிற்று.

வாக்கில்லாதவன் கதி என்ன? 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும், இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று மனிதர்களைப் பங்கு போட்டார்கள். தொழிலாளியை ஒரு வார்த்தை கேட்டார்களா?

1988 டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல். தோட்டத்து வாக்கு தேவைப்பட்டது. அதே ஆண்டில் நாடற்றோருக்குக் குடியுரிமைச் சட்டம் வந்தது. கொடுத்தது யார்? 40 வருஷத்துக்கு முன் பறித்த அதே கட்சி! இது கருணையல்ல, கணக்கு. ஆனாலும் அந்தக் கணக்கில் இடம் பிடித்துத் தந்தது தோட்டத் தொழிலாளரின் சங்க பலம்.

இன்று நாமக்கல் கோழிப்பண்ணைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். கூலி இங்கே, வாக்கு அங்கே! ஓட்டுக் கேட்பவன் கண்ணில் அவர்கள் படமாட்டார்கள். நம் கண்ணில் படவேண்டும். அவர்களைச் சங்கத்தில் சேருங்கள், தோழர்களே!