அயல்நாட்டுக் கல்வியும் அன்றாடச் செலவும்



பிள்ளைகளை மேற்படிப்புக்கு அயல்நாடு அனுப்பும் குடும்பங்கள் நம் திண்டுக்கல்லிலும் உள்ளன. வீட்டை அடகு வைத்தேனும் கல்விக் கட்டணத்தைத் திரட்டிவிடுகிறோம். தங்கவும் உண்ணவும் ஆகும் செலவை மட்டும், 'அங்கே பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வான்' என்று விட்டுவிடுகிறோம்.

கனடாவையே எடுத்துக்கொள்வோம். கியூபெக் மாகாணம் நீங்கலாக, வாழ்க்கைச் செலவுக்கென ஒரு மாணவர் கணக்கில் காட்டவேண்டிய தொகை நெடுங்காலம் ஆண்டுக்கு 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 ஆயிற்று. 2025 செப்டம்பரில் 22,895. நம் பணத்தில் அன்றைய மதிப்பில் 14 இலட்சத்திற்கும் மேல். கல்விக் கட்டணமும் விமானச் செலவும் இதில் சேரா.

வேலைக்கோ வரம்புண்டு. வகுப்புகள் நடைபெறும் காலத்தில் கல்வி வளாகத்திற்கு வெளியே வாரம் 24 மணி நேரமே அனுமதி. மீறினால் விசாவுக்கே ஆபத்து. மீறாவிடினும், இரவுப்பணி முடித்து வகுப்பில் கண்ணயரும் பிள்ளை என்ன கற்பான்? தேர்ச்சி தவறினால் அப்பாடத்திற்கு மீண்டும் கட்டணம். ஊரில் வாங்கிய கடனோ வளர்ந்துகொண்டிருக்கும்.

எனவே, உதவி கோரி விண்ணப்பிப்போர் கட்டண ரசீதுடன், தாம் செல்லும் நகரின் ஓராண்டு வாடகை, உணவுக் கணக்கையும் இணைத்துத் தருமாறு வேண்டுகிறோம். முதலாண்டுச் செலவு கையில் சேராதவர் ஓராண்டு பொறுத்துச் செல்வதே நலம் என்பது நம் கருத்து.