சாவி யார் கையில்?

(படிப்பகத் திறப்பு விழாவில் ஆற்றிய உரை)



இமயத்தின் மடியிலே இருக்கிறது நேப்பாளம். அங்கே ஒரே குடும்பம் 240 ஆண்டுகள் அரியணையில் அமர்ந்திருந்தது. அரசன் மனிதனல்லன், திருமாலின் அவதாரம் என்றனர். ஆண்டவனே ஆள்கிறான் என்றால் அடுப்பு ஏன் எரியவில்லை? இந்தக் கேள்வி எழுந்ததும் மணிமுடி ஆடத் தொடங்கிற்று. அந்த முடி எப்படி இறங்கிற்று, உலகம் அதற்கு எந்த அளவு துணை நின்றது என்பதை இன்று எடுத்துரைக்க விழைகிறேன்.

1996 பிப்ரவரியில் மாவோயிஸ்டுகள் ஆயுதம் ஏந்தினர். பத்தாண்டுப் போரில் 13,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைக்காட்டில் மாண்டவன் ஏழை. அவனைச் சுட்டவனும் ஏழை! 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா அமைச்சரவையைக் கலைத்து, ஆட்சியைத் தம் கைப்பிடிக்குள் கொண்டுவந்தார். தொலைபேசிகள் ஊமையாயின, தலைவர்கள் வீட்டுக்குள் அடைபட்டனர்.

உலகம் அதுவரை என்ன செய்தது? மறைக்காமல் சொல்வோம். மன்னரின் படைக்கு உதவி தந்தவர்கள் இந்தியாவும் பிரிட்டனும் அமெரிக்காவும். மக்களாட்சியின் கழுத்து நெரிபட்ட பிறகே கொடுத்த கை பின்வாங்கிற்று. நெருப்பில் நெய் வார்த்தவன் நீர்க்குடம் தூக்கிவந்தால் குடத்தை வாங்கிக்கொள்வோம், கும்பிடத் தேவையில்லை!

வணக்கத்துக்குரியவர்கள் வேறு. 2005 நவம்பரில் ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் டில்லியில் 12 அம்ச உடன்பாடு கண்டனர். 2006 ஏப்ரலில், ஊரடங்கை மீறி, குண்டுக்கு அஞ்சாமல், 19 நாட்கள் மக்கள் வீதியில் நின்றனர். ஏப்ரல் 24 இரவில் மன்னர் பணிந்தார். கலைந்த நாடாளுமன்றம் உயிர் பெற்றது.

போராட்டம் வென்றது. ஆனால் இரண்டு படைகள் எதிரெதிரே நிற்கையில் தேர்தல் எப்படி நடக்கும்? அங்கேதான் உலகின் துணை தேவைப்பட்டது. 2006 ஆகஸ்ட் 9 அன்று அரசும் மாவோயிஸ்டுகளும் ஒரே வாசகம் கொண்ட மடல்களை ஐ.நா. சபைக்கு விடுத்தனர். நவம்பர் 21-இல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2007 ஜனவரி 23-இல் பாதுகாப்பு அவை தன் 1740-ஆம் தீர்மானத்தால் தூதுக்குழுவை அமைத்தது. வந்த கண்காணிப்பாளர் கையில் துப்பாக்கி இல்லை! 19,602 போராளிகள் சரிபார்க்கப்பட்டுப் பாசறைகளில் தங்கினர். அவர்களுடைய ஏறத்தாழ 3,500 ஆயுதங்கள் இரும்புப் பெட்டிகளுக்குள் சென்றன. அதே அளவு ஆயுதங்களை அரசின் படையும் பூட்டி வைத்தது.

அந்தப் பூட்டுகளின் சாவி யாரிடம் இருந்தது? ஐ.நா. அதிகாரியின் இடுப்பிலா? வல்லரசின் சட்டைப்பையிலா? இல்லை, தோழர்களே! அந்தந்தத் தரப்பின் கையிலேயே இருந்தது! உலகம் வைத்தது கேமராவும் எச்சரிக்கை மணியும் மட்டுமே. திறந்தால் ஊர் அறியும். திறக்காதிருப்பது உன் நாணயம்! துணை என்றால் இதுதான் துணை. மருத்துவச்சி அருகிருக்கலாம், பிள்ளையைத் தாய்தான் பெறவேண்டும்.

2008 ஏப்ரல் 10-இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. 601 இடங்கள் கொண்ட சபையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பெண்கள்! மே 28 அன்று 560 வாக்குகள் குடியரசுக்கு, எதிர்த்தவை நான்கு. வாள் சூட்டிய முடியை வாக்கு இறக்கிற்று. அரண்மனை அருங்காட்சியகமாயிற்று.

எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. 2011 ஜனவரியில் ஐ.நா. குழு விடைபெற்றபோது போராளிகளின் எதிர்காலம் முடிவாகவில்லை. நேப்பாளியரே பேசி முடித்தனர். அரசியல் சட்டம் 2015 செப்டம்பர் 20-இல்தான் பிறந்தது. போரில் காணாமற் போனோர் 1,000-க்கும் மேற்பட்டோர். விசாரிக்க 2015-இல் ஆணையங்கள் அமைந்தன. ஆண்டுகள் உருண்டன, "என் மகன் எங்கே?" என்ற தாயின் கேள்விக்கு விடை வரவில்லை. ஆயுதத்தைப் பூட்டுவது அமைதியின் பாதி. உண்மையைத் திறப்பது மறுபாதி!

2025 செப்டம்பரில் ஊழலை எதிர்த்து இளைஞர் எழுந்தனர், ஆட்சி வீழ்ந்தது. அந்த வேளையிலும் அழைக்கப்பட்டவர் பழைய மன்னரல்லர். முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி. கோபத்திலும் அந்த மக்கள் குடியரசின் சாவியைத் தூக்கி எறியவில்லை.

தோழர்களே! அயலாரின் துணையைக் கேட்கலாம். அயலாரின் ஆணையைக் கேட்கக் கூடாது. உலகம் பெட்டிக்குக் காவல் நிற்கட்டும். சாவி மக்களிடமே இருக்கட்டும்!